சயாம் லோரிக்கு நூல் பிடித்த நாட்கள்

சுங்கை பட்டாணிப் பக்கம் பாக்கார் ஆராங்கில் மகளுடைய காருக்குச் சக்கரம் நேர் பார்க்கக் கொடுத்துவிட்டு டயர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ இயந்திரம் பார்த்துச் சொல்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் வெறும் நூலை வைத்து நானே அந்த வேலையைச் செய்திருக்கிறேன், தெரியுமா? செய்தேன் என்றால், நூலின் ஒரு முனையைப் பிடித்தபடி கொசுக்கடியில் நெளிந்தேன்.

கடையிலிருந்த கித்தா ரப்பர் வாடைதான் என்னை ஜப்பான்காரன் காலத்துக்கு இழுத்துப் போனது. என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி டிரைவர். சுற்றிலும் பால்மரம், ஆனால் ஒரு புது டயர் கிடைக்காது. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூலை இழுத்துப் பிடிப்போம். முன்சக்கரம் சற்றே கோணி நின்றாலும் டயர் துருவிய தேங்காய்போலத் தேய்ந்துவிடும். செம்மண் தடத்துக் கல்லுக்குக் கொஞ்சம் காற்றை இறக்குவார். தார் ரோட்டுக்கு வந்ததும் கைப்பம்பால் அடித்து ஏற்றுவார். அவர் சட்டையெல்லாம் அந்த வாடைதான் அடிக்கும்.

லோரி ஓடும்வரைதான் அவர் எங்களோடு இருக்கலாம். நின்றால் அவரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டும் என்று ஜப்பான்காரன் சொல்லியிருந்தான். லோரி ஏற்றிப் போனதோ சயாமுக்குப் போகிற நம் ஆட்களைத்தான். போனவர்கள் திரும்பிய சேதியே இல்லை. சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் அவர்களை இறக்கிவிட்டு வந்தால் மரவள்ளிக் கிழங்கைத் தொடமாட்டார். நானோ, அவர் திரும்பியதே போதும் என்று நூலை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.

ஒருநாள் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் கங்காணி வந்து, மறுநாள் போகிறவர்களில் என் தம்பியும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சக்கரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நேரா வைக்கவா, கோணலா வைக்கவா? நீயே சொல்லு புள்ள."

கோணல் என்றால் வழியில் டயர் போகும், தம்பி ரயிலைத் தவறவிடுவான், இவர் மாட்டிக்கொள்வார். நேர் என்றால் தம்பி போவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்புத்தான். அவரே கம்பியைத் திருகிச் சக்கரத்தைக் கோணலாக்கினார். காற்றையும் பாதியாக இறக்கினார்.

உள்துணி தெரிந்த டயர், பாதி வழியிலேயே வெடித்தது. ரயிலும் போய்விட்டது. ஆனால் இன்னொரு ரயில் வரும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை, பைத்தியங்கள். அதற்கு எல்லாரையும் நடத்தியே கூட்டிப் போனார்கள். லோரி நின்றதால் என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டார்கள்; அவரும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி மட்டும் திரும்பி வந்தான்.

"மச்சான என் கையாலதான் பொதைச்சேன்க்கா. எடம் எனக்குத் தெரியும்."

ஒருநாள் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிள்ளை வளர்க்கிற பாட்டில் நானும் தள்ளிப்போட்டேன். இப்போது தோட்டம் இல்லை, நாங்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் தாமான் என்று புதுக் குடியிருப்பு வீடுகள். தம்பியும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். அவர் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.