நீட்டிப் படுக்க ஒரு வண்டி

விதி பதினொன்று: "ஓர் ஆளை நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுபோகக்கூடிய வண்டி ஒன்று களத்தோரம் நிற்காமல் எந்தப் பந்தயமும் தொடங்கக் கூடாது."

பாலிங் வட்டாரத்தில் எஸ்டேட் ஆட்கள் நடத்திவரும் சேற்று மோட்டார் பந்தயக் கழகத்துக்கு இருபத்திரண்டு விதிகள். அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அவற்றைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருபத்தொன்றைத் திருத்தினேன். பதினோராவதில் மட்டும் கைவைக்க இடமில்லை. அந்த விதிக்காக, தொண்டூழிய அமைப்பு ஒன்றிடம் ஆம்புலன்ஸ் கேட்டு, உரிய படிவத்தில், இரண்டு நகல்களுடன், மார்ச் மாதமே விண்ணப்பித்தும் வைத்தேன். மே மாதம் மூன்றாம் ஞாயிறு பந்தயம். வெள்ளிக்கிழமை வரை பதில் இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாக்கார் ஆராங்கில் என் வீட்டு வாசலில் ஜீவாவின் பிக்கப் வந்து நின்றது. ஜீவா மோட்டார் மெக்கானிக், கழகத்தின் எட்டாம் எண் வீரர். வண்டியின் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்களைக் கயிற்றால் கட்டியிருந்தார். ஒன்று சேற்றில் ஓட்டும் உயரமான ஸ்கிராம்பிளர். மற்றது இங்கே வீட்டுக்கு வீடு நிற்கும் சின்னக் கப்சாய்.

"ஆம்புலன்சு என்னாச்சு சார்?"

"பரிசீலனையில் இருக்கும்."

"அப்ப வராது," என்றார். முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் இருந்த எனக்குப் புரியாதது அவருக்குப் புரிந்திருந்தது.

கோலா கெட்டில் வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கே பசியாற நிறுத்திய கடையில் ரொட்டி சானாய் ஒன்று ஒரு ரிங்கிட் ஐம்பது காசு, தே தாரேக் என்னும் ஆற்றிய தேநீர் இரண்டு ரிங்கிட். பக்கத்து மேசையில் கழகத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னா ஜீவா, இன்னைக்காவது ஓடுமா? இல்ல, போன ரெண்டு தடவ மாதிரி வடையத் தின்னுட்டு வீட்டுக்குத் திரும்பறதா? பொம்பளையத் தலைவியா போட்டீங்க. பேரையும் மாத்திடுங்க லா, கோலாட்டக் கிளப்புன்னு."

ஜீவா காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். வண்டியில் ஏறியதும் சொன்னார். தலைவி தனம் அக்கா எஸ்டேட்டில் களையெடுப்புக் குத்தகைக்காரர். பொறுப்பேற்ற பிறகு நடக்க வேண்டிய இரண்டு பந்தயமும் நின்றுபோயின. ஒன்று மழையால். இன்னொன்று, எண்ணெய்ச் செம்பனை மறுநடவுக்கு முன் நிலத்தை மூட விதைக்கும் பயற்றங்கொடியை எஸ்டேட்காரர்கள் மூன்று நாள் முன்னதாகவே விதைத்துவிட்டதால்.

"நாளைக்குக் காலைல இந்தக் காட்டுலயும் விதைக்கறாங்க சார். இன்னைக்கு ஓடலனா அடுத்த காடு வெட்ட மூணு வருசம் ஆவும். பசங்க பாதிப் பேரு பேராக் மாநிலக் கிளப்புக்குப் போறோம்னு சொல்லிட்டானுங்க. அக்கா ரெண்டு நாளா தூங்கல."

இந்தக் கழகத்துக்கென்று சொந்தக் களம் கிடையாது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். காடு என்று இவர்கள் சொல்லும் தோட்டப் பகுதியில் பழைய மரங்களை வெட்டி, புதுக் கன்று வைப்பதற்கு முன், சில வாரங்கள் நிலம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில்தான் பந்தயம். மேனேஜர் தலையாட்டினால் போதும். தலையாட்டலுக்கு நகல் எடுக்க முடியாது என்பதால் எஸ்டேட்டின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

ஆகவே கழகத்தின் வரலாற்றைப் படிக்கச் சாலையோரத்துச் செம்பனைகளைப் பார்த்தாலே போதும். ஜீவா ஒரு கையால் காட்டிக்கொண்டே வந்தார். "அந்தக் குட்டையா தெரியுதே, அது நான் விழுந்த காடு. அதுக்கு மேல இருக்கறது எங்கப்பா ரெண்டாவதா வந்த காடு. மரம் எவ்ளோ உயரமோ அவ்ளோ பழைய ரேசு லா."

"முதல் பந்தயம் எங்கே?"

"அங்கதான் சார் இப்ப போறோம். ரப்பர வெட்டிட்டுச் செம்பனை வைக்கறப்ப ஓட்டுனாங்க. அன்னைக்கு வச்ச மரத்துக்கு வயசாயிடுச்சு. போன மாசம் வெட்டிட்டாங்க."

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கெட்டியவரை செம்மண். வெட்டிய செம்பனைத் துண்டுகளை வரிசை வரிசையாகக் குவித்திருந்தார்கள். வரிசைகளுக்கு நடுவே ஓடுபாதை. சுமார் இருபது வீரர்களும் அவர்களுடைய குடும்பங்களும் ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள். நானும் பார்த்தேன்.

களத்தோரம் இரண்டு வேன்கள். ஒன்று கோவில் மரணச் சகாயச் சங்கத்தின் பிரேத வண்டி. மற்றது சுரா எனும் சின்னப் பள்ளிவாசலின் ஜெனாசா வேன், அதுவும் பிரேதம் ஏற்றத்தான். இரண்டும் நன்றாகக் கழுவித் துடைக்கப்பட்டிருந்தன.

தனம் அக்கா என்னிடம் ஓடி வந்தார். "நான் என்னா சார் தப்பா எழுதிட்டேன்? ஆம்புலன்சு வராதுன்னு தெரிஞ்சதும் வாட்சப்புல போட்டேன். ரூல்ல இருக்கறதத்தான் அப்படியே போட்டேன். ‘ஓர் ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற வண்டி வேணும், ரொம்ப அவசரம்’னு!"

பிரேத வண்டியை ஓட்டிவந்த செல்வராசு தலையைச் சொறிந்தார். "யாரு போயிட்டாங்கன்னு கேக்கச் சங்கடமா இருந்துச்சுக்கா. அதான் கேக்காமயே எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

ஜெனாசா வேனைக் கொண்டுவந்தவர் பாலிங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் மஸ்தான் பாய். "நான் யாரோ விழுந்துட்டாங்கன்னு நெனச்சேன் தங்கச்சி. ஸ்ட்ரெச்சர் இருக்கு, ஏர்கோன் இருக்கு. வேற என்னா வேணும்?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "டேய் ஜீவா, உனக்கு எது? எரிக்கறதா, பொதைக்கறதா?"

"ரேச முடிச்சிட்டுச் சொல்றேன் லா!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. இதைப் பார்த்துக்கொண்டே எப்படி ஓட்டுவது என்று இரண்டு பேர் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இருவர். தனம் அக்கா என்னைப் பார்த்தார். "சார், ரூலு என்னா சொல்லுது?"

விதியை இன்னொரு முறை படித்தேன். படுக்க வைக்கப்படுபவர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. இப்படி ஓர் ஓட்டை எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று என்று வியந்துகொண்டிருந்தபோது முருகையா அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

முருகையா தனத்தின் மூத்த அண்ணன், கழகத்தைத் தொடங்கியவர், இப்போது கொடி அசைப்பவர். முதல் பந்தயத்தில், இதே காட்டில், அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. வண்டி இல்லை. ஒரு கப்சாயில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் இவரை உட்கார வைத்துப் பாலிங் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனார்கள். கால் கோணலாகவே கூடிற்று. விதி பதினொன்று அந்தக் காலிலிருந்து வந்தது.

அவர் நேரே மஸ்தான் பாயின் வேனுக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். பின்கதவைத் திறந்து ஏறி, ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தார்.

"அண்ணே! எறங்குண்ணே, என்னா இது!" என்று தனம் அக்கா கத்தினார்.

அவர் இறங்கவில்லை. நல்ல காலை நீட்டினார். பிறகு கோணல் காலையும், முடிந்த மட்டும், நீட்டினார்.

"நீட்ட முடியுது," என்றார். "அன்னைக்கு இது இருந்திருந்தா போதும். தனம், கொடிய எடு."

கழற்றிய ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏறின. வேன்களில் இருந்த எழுத்துகளைக் கழகத்தின் பதாகையால் மறைத்தார்கள். பதாகை ஒன்றரை வேனுக்குத்தான் போதுமாக இருந்தது.

நடந்தது கழகத்தின் வரலாற்றிலேயே மிக மெதுவான பந்தயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மற்ற வளைவுகளில் சேறு பறந்தது. வேன்கள் நின்ற வளைவில் மட்டும் பள்ளிக்கூட வாசலைக் கடப்பதுபோல் நிதானமாகப் போனார்கள். சிலர் ஒரு கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்கள். முதலாவதாக வந்தவர் ஐம்பது வயது லாரி ஓட்டுநர். அவர் தமது வழக்கமான வேகத்தில்தான் ஓட்டினார். ஜீவா மூன்றாவது. ஒருவரும் விழவில்லை. முதலுதவிக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற எஸ்டேட் டிரெசர் தம் மருந்துப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

தனம் அக்கா முகமெல்லாம் செம்மண்ணாக வந்து நின்றார். "சார், ஓடிருச்சு சார்," என்றார். மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, வீரர்கள் பக்கம் திரும்பி அடுத்த பந்தயத்துக்குப் பேரெழுதத் தொடங்கினார். பேராக்குக்குப் போவதாகச் சொன்னவர்களும் பேர் கொடுத்ததைப் பார்த்தேன்.

ஜீவாவின் பிக்கப் சேற்றில் புதைந்துவிட்டதால் என்னை வீட்டில் விடுவதாக மஸ்தான் பாய் சொன்னார். பெட்ரோல் காசு வாங்க மறுத்துவிட்டார். "நீங்க உக்காந்து வர்றீங்களே அண்ணே, அதுவே எனக்குச் சந்தோசம்," என்றார். இத்தனை ஆண்டு உத்தியோகத்தில் இவ்வளவு நல்ல நன்றியுரை எனக்குக் கிடைத்ததில்லை.

மாலை நாலரைக்கு வேன் என் வீட்டு வாசலில் நின்றதும், எங்கள் வரிசையில் எல்லாக் கதவுகளும் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். என் மனைவி கேட்டைப் பிடித்தபடி நின்று, நான் முன்கதவைத் திறந்து என் சொந்தக் காலில் இறங்குவதைப் பார்த்தாள். "முன் சீட்டுலதான வந்தீங்க?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, மஸ்தான் பாய்க்குத் தேநீர் போட உள்ளே போனாள்.

பாக்கார் ஆராங்கில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்காக இத்தனை கதவுகள் திறக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கும் கழகத்துக்கே நன்றி சொல்ல வேண்டும்.

ஆம்புலன்ஸ் விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது. மே மாதம் மூன்றாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் தவறாமல் களத்தோரம் நிற்கும் என்று உறுதி கூறியிருந்தார்கள். பயற்றங்கொடி ஓடுபாதையை முழுவதும் மூடி, கன்றுகளும் நட்டாகிவிட்டது என்று தனம் அக்கா படம் அனுப்பியிருந்த அதே நாளில் அது வந்து சேர்ந்தது: ஆகஸ்ட் பதினான்கு.