இடது ஜன்னலிலிருந்து வலது இருக்கைக்கு: தாம்பரம் முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரை

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு ஓட்டுநரை, அதாவது என் கணவரை, தெரியும். இவர் ஓட்டுவார், நான் இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன், வீடு வந்ததும் எழுதுவேன். யோசித்துப் பார்த்தால், இதுவரை நான் எழுதியது எல்லாமே சாலையின் இடது பக்கத்தைப் பற்றித்தான். வலது பக்கம் என்றால் எனக்கு இவருடைய மூக்கும் மூக்குக் கண்ணாடியும்தான்.

புரட்டாசியில் இவருக்குச் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்தது. கை கால் எல்லாம் பத்து நாளில் சரியாகிவிட்டது. பேச்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் இரண்டு கண்ணிலும் வலது பக்கப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. பரிசோதனை மெஷினில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டினார்களாம், இவருக்குத் தூக்கம் வந்துவிட்டதாம், அதனால்தான் பொத்தானை அமுக்கவில்லையாம். தட்டில் வலது ஓரம் சட்னி வைத்தால் அதை விட்டுவிட்டு, சட்னி எங்கே என்று என்னைக் கேட்பார். கேட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். கோயம்புத்தூரில் இருக்கும் பையனிடம், "எல்லாம் பளிச்சுனு தெரியுதுடா" என்று போனில் அளப்பார்.

தான் ஓட்டாத வண்டி வாசலில் எதற்கு என்று காரை விற்க ஆளும் பார்த்துவிட்டார். மடிப்பாக்கத்துக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நான் அதற்குள் கமுக்கமாகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியிருந்தேன். ஓட்டிப் பழகியது சேலையூரில் எங்கள் காலனிக்குள் மட்டும்தான், அதுவும் இரண்டாவது கியரில். அந்த ஞாயிறு காலை சிங்கப்பெருமாள் கோவில் வரை ஓட்டிக்கொண்டு போய், திரும்பவும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால் காரை விற்கக் கூடாது என்று இவரிடம் பேரம் பேசினேன். கார் போனால் எங்கள் ஊர்சுற்றலும் போய்விடும். இவரும் வீட்டோடு முடங்கிவிடுவார். ரொம்ப நேரம் யோசித்து, "சரி, பாப்போம்" என்றார்.

தை மாதம். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். தாம்பரம் மேம்பாலத்தில் ஏறியபோது கீழே ஊர் இருந்த இடத்தில் பனிதான் இருந்தது. ரயில் போகும் சத்தம் கேட்டது, ரயிலைக் காணவில்லை. விளக்குக் கம்பங்களின் மேல்பாதி மட்டும் வரிசையாக மிதந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கியதும் எல்லாம் சத்தமில்லாமல் மெதுவாக நகர்ந்தது. பூக்கூடை ஏற்றிய ஒரு மினி வேன் எங்களை முந்திக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் மல்லிகை வாசனை கொஞ்ச நேரம் கூடவே வந்தது.

அப்போதுதான் நடுவில் இருக்கும் தடுப்பைப் பார்த்தேன். அங்கே அரளிச் செடி வைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக இந்தச் சாலையில் போய் வருகிறேன், அரளி இருப்பதும் தெரியும். ஆனால் பூ பனியில் நனைந்து கையெட்டும் தூரத்தில் தொங்குவது, இந்தப் பக்க இருக்கையில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. பூவைப் பார்க்காதே, ரோட்டைப் பார் என்றார் இவர்.

இரும்புலியூர், பெருங்களத்தூர் வரை சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பைபாஸிலிருந்து வரும் லாரிகள் வந்து கலக்கும் இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள். அவர்கள் இண்டிகேட்டர் போட்டால் "வரட்டுமா" என்று அர்த்தம் இல்லை, "வந்துட்டேன்" என்று அர்த்தம். எதிரில் வருபவர் ஹெட்லைட்டை விட்டு விட்டு அடித்தால், நீங்கள் போங்கள் என்று தாராளமாக வழிவிடுகிறார் என்று புத்தகம் படித்தவர்கள் நினைப்பார்கள். இங்கே அது "நான் நிக்க மாட்டேன், நீ நில்லு". இன்னும் சிலர் நான்கு விளக்கையும் ஒன்றாகச் சிமிட்டவிட்டு, நேராகப் போகிறேன் என்று ஊருக்குத் தெரிவிப்பார்கள். அந்த விளக்கு வண்டி பழுதாகி நின்றால் போடுவதற்கு. நேராகப் போகிறவர் ஒன்றும் போட வேண்டாம், போனாலே போதும்.

வண்டலூர் தாண்டியதும் கிழக்கே லேசாக வெளுத்தது. பனி இன்னும் கலையவில்லை. நாற்பதுக்கு மேல் நான் போகவில்லை. இடது பக்கம் டீக்கடை அடுப்புகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக வந்து பின்னால் போயின. இவர் ஜன்னலை இறக்கி, தலையைச் சாய்த்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். தூக்கத்தில் கார் ஓட்டுகிற மாதிரி கனவு காண்போமே, எந்தப் பெடலையும் மிதிக்காமல் வண்டி தானாகப் போகும், கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் போர்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பொத்தேரியில் அந்தக் கனவு கலைந்தது. கல்லூரி வட்டாரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் ஏறி இறங்குவார்கள். எனக்கு முன்னால் போன பஸ், நிறுத்தத்தில் பாதியும் என் தடத்தில் பாதியுமாக நின்றுவிட்டது. வலது தடத்துக்கு மாறியாக வேண்டும். மாறும் முறை எனக்கு மனப்பாடம்: கண்ணாடி பார், இண்டிகேட்டர் போடு, மறுபடி பார், தோளுக்கு மேல் தலையைத் திருப்பி ஒரு தரம் பார், அப்புறம் மாறு. ஆனால் பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது, அதிலிருந்து கண்ணை எடுக்கப் பயம். இத்தனை வருடம் ரோட்டை இவர்தான் பார்த்தார் இல்லையா, அந்தப் பழக்கத்தில், "ஏங்க, வலது பக்கம்?" என்றேன். இவர் நன்றாகவே திரும்பிப் பார்த்தார். "காலி. போ" என்றார்.

இண்டிகேட்டரையும் ஸ்டியரிங்கையும் சேர்த்தே திருப்பினேன். என் காதுக்குள்ளேயே அடித்த மாதிரி ஒரு ஹாரன். வலது கதவை ஒட்டி ஒரு பைக், அதில் கணவன் மனைவி இரண்டு பேர். அந்த அம்மாவின் சேலை என் கண்ணாடியில் நிறைந்து தெரிந்தது. வெடுக்கென்று இடது பக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்தேன். பஸ்ஸின் பின்பக்கத்துக்கு இரண்டடி தள்ளி வண்டி அணைந்து நின்றது. பைக் ஓட்டி வந்தவர் ஒரு ஆட்டம் ஆடிச் சமாளித்து, நிறுத்தி, இறங்கி வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"இன்னாக்கா, இண்டிகேட்டர் போட்டுட்டா ரோடு உன்னுதா?" என்றார். "கண்ணாடிய பாத்துகினு வா. பின்னால வூட்டுக்காரி குந்திகினுகீது."

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணி குடிங்க என்று ஜாடை காட்டினார். அவர்கள் போன பிறகு வண்டியை மறுபடி கிளப்பினேன். இவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. விற்றுத் தொலைக்கலாம், மனுஷரை இப்படிச் சாகடிக்கவா கார் என்று நானே சொன்னேன். இவர் பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. மறைமலைநகர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். வண்டி நிறுத்த முப்பது ரூபாய் வாங்கினார்கள். பாறையைக் குடைந்த சன்னதி. நரசிம்மரும் அந்தப் பாறையில் செதுக்கியவர்தான். அதனால் அவரைச் சுற்ற வேண்டும் என்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். நாங்கள் போன அன்று ஏழரைக்கு நடை திறந்தார்கள். பட்டர் தீபத்தை உயர்த்தி, நெற்றியில் திருமண்ணை விலக்கி, மூன்றாவது கண்ணைக் காட்டினார். வழக்கமாக இந்த இடத்தில் இவர் என் காதில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். அன்று கையைக் கூப்பியபடி நின்றுவிட்டார்.

பிறகு குன்றைச் சுற்றினோம். பிரதட்சிணம் என்பதால் பாறை நமக்கு வலது கைப்பக்கம் வரும். பனி பாறையில் இறங்கி ஈரமாக இருந்தது. எங்கோ மேலே மயில் அகவியது. இவர் வலது கையை நீட்டி, பாறையைத் தொட்டுத் தொட்டு நடந்தார். பக்தி முற்றிவிட்டதோ என்று கொஞ்சம் எரிச்சலாகப் பார்த்தேன். கை பாறையை விட்டு விலகிய இடத்தில் நின்று, மறுபடி தடவித் தேடித் தொட்ட பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

பாதிச் சுற்றில் நின்றுவிட்டார்.

"லதா, அந்த பைக் எனக்குத் தெரியவே இல்ல," என்றார். "நான் பொய் சொல்லல. பாத்துட்டுதான் சொன்னேன். பார்வை போன இடம் இருட்டா இருக்கும்னு நெனச்சேன். அப்படி இருந்தா ஒத்துகிட்டிருப்பேன். அது இருட்டா இல்ல. காலி ரோடு மாதிரி இருக்கு."

நான்கு மாதமாக இவர் வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாத ரோட்டைக் கண்ணே காட்டும்போது மனுஷர் யாரை நம்புவார்? வலது பக்கம் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். மீதிச் சுற்றை அப்படியே நடந்தோம்.

காபிக்காகத் தெற்கே இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனோம். நல்ல ஃபில்டர் காபி, ஒன்று இருபத்தைந்து ரூபாய். திரும்பி வர வலது தடத்துக்கு மாறி யூ-டர்ன் எடுத்தாக வேண்டும். வண்டியை எடுப்பதற்கு முன், இனிமேல் வலது பக்கம் எதுவும் இவரைக் கேட்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடி, இண்டிகேட்டர், மறுபடி கண்ணாடி, தோள். வேன் ஒன்று வேகமாக வந்தது, விட்டேன். அடுத்து வந்த லாரியையும் விட்டேன். அப்புறம் பின்னால் வந்தவர் வேகத்தைக் குறைப்பது தெரிந்தது. மாறினேன். கழுத்து வலித்தது, ஆனால் நானே பார்த்து மாறினேன்.

யூ-டர்ன் இடைவெளியில் நம் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. முதலில் வந்தவர் தடுப்பை ஒட்டி நிற்பார். அவருக்கு வெளிப்பக்கம் இன்னொருவர் வந்து நிற்பார். அதற்கும் வெளியே ஒரு ஷேர் ஆட்டோ. மூன்று வரிசையும் சேர்ந்தே திரும்பும், உள்ளே இருப்பவருக்கு எதிரே வருவது ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் திரும்பாதீர்கள். ஆட்டோ போகட்டும் என்று நின்றேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அவர்கள் கை, அவர்கள் ஹாரன்.

ஆட்டோ போன பிறகுதான் ஒன்று புரிந்தது. இடைவெளிக்குள் வண்டி குறுக்கே திரும்பி நிற்கும்போது, எதிர்ச் சாலையில் வருவதெல்லாம் நமக்கு இடது பக்கமிருந்து வருகிறது. அதாவது இவர் பக்கமிருந்து. இவர் ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பஸ் வருது, நில் என்றார். பஸ் எனக்கும் தெரிந்தது. இரண்டு கார், நில் என்றார். அப்புறம் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தூரத்தில் வந்த வேனுக்குக் காட்டினார். இண்டிகேட்டருக்கு வேகம் கூட்டுகிற ஊர் இது. ஆனால் ஒரு கையைப் பார்த்தால் குறைத்துவிடுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை. வேனின் வேகம் குறைந்தது. நான் ஒரு தரம் பார்த்துக்கொண்டு திருப்பினேன். வெயில் என் பக்க ஜன்னல் வழியாக முகத்தில் விழுந்தது. பனி சாலையை விட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை ஆறு மணிக்குள் தாம்பரத்தைத் தாண்டிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பொத்தேரியில் ஊர்ந்துதான் வர வேண்டும். நடை திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். யூ-டர்ன் பக்கத்தில் பைக்குகள் ராங் சைடில் வரும், அதனால் வண்டி வரக் கூடாத திசையையும் பாருங்கள். மொத்தம் ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் ஓடியது, பெட்ரோல் முந்நூற்றைம்பது ரூபாய்க்குள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும், "காலி, போ" என்று அவர் சொல்வதை வைத்து மட்டும் தடம் மாறாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் கூடுதலாகப் பார்க்கலாம், நமக்குப் பதிலாகப் பார்க்க முடியாது.

மாலை நாலரைக்கு மடிப்பாக்கத்துக்காரர் போன் செய்தார், வழி கேட்க. நான் சமையலறையில் இருந்தேன். நாங்கள் காரைப் பற்றி அதற்குப் பிறகு ஒன்றும் பேசியிருக்கவில்லை. இவர் என்ன முடிவில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இவர் போனை எடுத்து, வண்டியை விற்பதாக இல்லை, வரவேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பக்கம் அவர், இன்னும் நீங்களே ஓட்டுகிறீர்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்லங்க," என்றார் இவர். "எனக்கு வலது பக்கம் கண்ணு தெரியாது. என் வீட்ல ஓட்டுறாங்க."

பெற்ற பிள்ளையிடம்கூட இன்றுவரை சொல்லாததை, முகம் தெரியாத ஒருவரிடம், விலாசம் சொல்வது போலச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.