ஆள் வராமல் வரவேண்டாம்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கிறது. மூடியின் ஒரு மூலை பிய்ந்து, நூலால் தைத்த தடம் தெரியும். பிள்ளைகள் பலமுறை அதைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள், நான் விடவில்லை. போன வாரம் என் கண் ஆபரேஷன் இரண்டாம் முறையாகத் தள்ளிப் போனது. தியேட்டரில் கிருமி இருக்கிறதாம், மூடிவிட்டார்களாம். "நாங்க கூப்பிட்ட பிறகு வந்தாப் போதும்மா" என்று போனில் ஒரு பெண் இதமாகச் சொன்னாள். பேசி முடித்ததும் நாற்காலியைப் போட்டு ஏறி அந்தப் பெட்டியைத்தான் எடுத்தேன். இந்த வயதில் நாற்காலியில் ஏறியதற்கு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நாகர்கோவிலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஒரே டாக்டர், ஒரே தியேட்டர். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் என் பொறுப்பு. வெளியூர்க்காரர்களுக்கு நாள் குறித்து அஞ்சலட்டை போடுவேன். அப்படி என் அட்டையை நம்பி வந்தவர்களில் ஒருவர்தான் பூதப்பாண்டி ஊர்க்கார அக்கா. நெல்விவசாயம் செய்யும் சைவக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். வயிற்றில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், விட்டுவைத்தால் என்றைக்கு வேண்டுமானாலும் கட்டி முறுக்கிக்கொண்டு உயிரை வாங்கிவிடும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

வயிற்றைக் கீறிக்கொள்ளப் போகிறவர்கள் திரும்பி வருவது அன்றைக்கு நிச்சயமில்லை. ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டுதான் புறப்படுவார்கள். அக்காவும் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த ஓர்ப்படியாளிடம்கூடப் பேசி, கட்டிப்பிடித்து அழுது, கோயிலில் தொழுது, இந்த ஓலைப்பெட்டியில் ஆஸ்பத்திரியில் உடுக்க இரண்டு வெள்ளைச் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டு வில்வண்டியில் வந்து இறங்கினார். அன்று காலையில்தான் தியேட்டரைப் பூட்டியிருந்தோம். முந்தின வாரம் ஆபரேஷன் செய்த இருவருக்குப் புண்ணில் சீழ் பிடித்துவிட்டது. கதவு சன்னல்களை அடைத்து உள்ளே மருந்துப்புகை போட்டிருந்தார்கள். வண்டி திரும்பியது. இரண்டாம் முறை, கருவிகளை ஆவியில் அவிக்கும் பாத்திரத்தின் மூடி ரப்பர் வெடித்துவிட்டது. புது ரப்பர் திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டும். மூன்றாம் முறை ரப்பர் வந்திருந்தது, பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை.

அன்றைக்கு அக்கா வராந்தாவில் உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "நாணக்கேடு தாங்க முடியல்ல மக்கா. ரெண்டு வட்டம் ஊரே அழுது அனுப்பிச்சு. இந்த வட்டம் போயிட்டு வாறேன்னு நிக்கேன், 'ஏட்டி, நீ இன்னும் போகல்லியா'ன்னு கேக்கா என் ஓர்ப்படியா."

பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "இது இங்கயே கெடக்கட்டு. அடுத்த வட்டம் வடசேரிச் சந்தைக்குப் போற மாதிரி வெறுங்கையோட வந்திருதேன். ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு மனம் கேட்கவில்லை. "அக்கா, இனி அட்டையை நம்பி அலைய வேண்டாம். தியேட்டர் ஒழுங்கா ஓடத் தொடங்கினதும் நானே ஆள் அனுப்புதேன். ஆள் வராம நீங்க வரண்டாம்" என்றேன். வலி வந்தால் மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் வந்துவிடுங்கள் என்று இன்னும் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொன்னது எனக்கு மறந்துபோகவும் இல்லை. அந்த நேரம் அவருடைய நாணக்கேடு ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

மூன்று வாரம் கழித்துத் தியேட்டர் திறந்தது. "பூதப்பாண்டிக்குச் சொல்லியாச்சா?" என்று டாக்டர் கேட்டார். "சொல்லிடுறேன் டாக்டர்" என்றேன். சொல்லவில்லை. நாலாம் முறையும் அந்த மனுஷியைத் திருப்பி அனுப்பும் தைரியம் எனக்கு இல்லை. பாத்திரம் இன்னும் ஒரு வாரம் ஒழுங்காக ஓடட்டும், பிறகு ஆள் அனுப்பலாம் என்று இருந்தேன். அதைப் பெரிய கரிசனம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

தியேட்டர் திறந்த பத்தாம் நாள் அக்காவின் கணவர் தனியாக வந்தார். மழிக்காத முகம். பெட்டியைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுக்கும்போது நின்றபடியே சொன்னார்: "ரெண்டு நாளா துடிச்சா சிஸ்டர். வண்டி பூட்டுதேன்னேன். 'ஆள் வரல்ல, வெறுதே போய்த் திரும்பண்டாம்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மூணாம் நாள் நான் கேக்கல்ல, தூக்கி வண்டியில கெடத்தினேன். வடசேரி வரைக்கும் உசிரு தாங்கல்ல."

பிறகு என்னைப் பார்த்தார். "தியேட்டர் தொறந்திருந்தா ஆள் அனுப்பியிருப்பிய, இல்லியா?"

"தொறக்கல்ல அண்ணாச்சி" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பாத்திரம் ஆவி விட்டுச் சீறிக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. "அப்போ ஒருத்தர் பேரிலயும் குத்தமில்ல" என்று மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். சேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை என்னிடமே திருப்பித் தந்தார். "உங்களைப் பத்தி ஒருபாடு நல்லதாச் சொல்லுவா. நீங்க வச்சுக்கிடுங்க."

அவர் மன ஆறுதலுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைகூட இல்லை. பயந்துதான் சொன்னேன். அதன்பின் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, காத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அந்த விட்டுப்போன வரியைச் சொல்லித்தான் அனுப்பினேன். யார் யாரோ பிழைத்தார்கள். அக்காவுக்கு அதனால் என்ன?

போன வாரம் அந்தப் பெண் போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னாள். "கண்ணு வலிச்சா மட்டும் எங்க போனுக்குக் காத்திருக்காதீங்கம்மா, உடனே வந்திருங்க." நான் கேட்காமலேயே சொன்னாள். இருபது வயதுகூட இருக்காது போலிருந்தது குரல்.

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்காவின் கணவர் இன்று உயிரோடு இருக்க வழியில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அக்கா துடித்த அந்த இரண்டு நாளும் தியேட்டர் திறந்துதான் இருந்தது, அண்ணாச்சி.