தோல் வாடை என்று நினைத்தது

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் எந்த நாற்றம் வந்தாலும் பழி தோல் மேல்தான். சாக்கடை அடைத்தாலும் தோல், எலி செத்தாலும் தோல். எனக்கு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. போன வருஷம் உள்ளாடையில் மீன் வாடை அடிக்க ஆரம்பித்தது. நாள் முழுக்கத் தோலை மடியில் போட்டுத் தைக்கிறோம், உடம்பில் ஊறிவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் எங்கள் பாத்ரூமில் கிருமி போக்கும் லோஷன் பாட்டில் ஒன்று கைமாறும். மற்றவர்கள் கை கழுவினார்கள். நான் அதோடு விடவில்லை, கீழே உள்ளேயும் விட்டுக் கழுவினேன். எரிந்தது. எரிந்தால்தான் சுத்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாடையோ ஜாஸ்தியானது, சாம்பல் நிறத்தில் தண்ணீராகக் கசிவும் வந்தது.

என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் வேலை. என் வாடை தெரிந்துவிடுமோ என்று, அவர் பக்கத்தில் வந்தாலே நான் எழுந்து போய்விடுவேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அரிசி, கேஸ் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை. இந்த மனுஷனை இழந்துவிடுவேனோ என்று பயந்து, கடைசியில் வேலூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன்.

"லெதர் கம்பெனில வேல டாக்டர். அந்த நாத்தம் உள்ள ஏறிப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. பஞ்சுக் குச்சியால் கசிவை எடுத்துக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு, "நீங்களே பாருங்கம்மா" என்றார்.

பார்த்தேன். அப்பளம் அப்பளமாகச் செல்கள், அவற்றின் ஓரமெல்லாம் ரவை ஒட்டியது போலப் பொடி.

"அந்தப் பொடிதான் பாக்டீரியா. கம்மியா இருக்க வேண்டியது, ஜாஸ்தி ஆய்டுச்சி. அத அடக்கி வைக்க அங்கயே நல்ல பாக்டீரியா இருக்கும். தயிரப் புளிக்க வைக்குதே, அந்த ஜாதி. புளிப்பு உண்டாக்கி மத்தத வளர விடாது. நீங்க லோஷன் ஊத்தி அதத்தான் அழிச்சிருக்கீங்க."

"அப்ப தயிர் பூசலாமா?"

"ஐயோ, வேணாம்மா! மாத்திரை தர்றேன், முழுசா முடிங்க. உள்ள கழுவவே கூடாது. அது தன்னத்தானே சுத்தம் பண்ணிக்கும்."

பஸ்ஸில் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நான் தைக்கும்போதும் தூங்கும்போதும், யாரும் சொல்லாமலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் என்னைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பிறந்த வழி அது. எத்தனை பெரிய அதிசயத்தை உடம்பில் வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்! இறங்க வேண்டிய ஸ்டாப் போனதே தெரியவில்லை.

மாத்திரை முடிந்தது, வாடையும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயை எடுத்துக்கொண்டு போய் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் சட்டென்று எழுந்தார்.

"இரு, குளிச்சிட்டு வந்துட்றேன்."

"இப்பதான குளிச்சீங்க?"

"பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட கேட்டுருக்கேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைப் பிடித்து உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறிப்போனது. அவர் மெல்லக் கேட்டார்:

"அப்ப நீ தள்ளிப்போனது என் நாத்தத்துக்கு இல்லியா?"