பெட்டி பெட்டியாகத் தெரிந்த செய்தி

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஒருவர் எனக்குப் பாரை மீனைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. முதல்நாள் பத்திரிகை. எங்கள் தீவைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. தாளே இல்லாமல், இன்ரநெற்றில் மட்டும், தீவுக்கென்று ஒரு செய்திப் பக்கம் நடத்தினால் என்ன? கடல் அசையாமல் கிடந்தது. என் கையில் எங்கள் ஊரைச் சொல்லாத செய்தியெல்லாம் மீனின் ஈரத்தில் கரைந்துகொண்டிருந்தது.

போர் நின்றிருந்த சமாதான காலம் அது. நான் செய்தி சேர்த்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோவேன்; இன்ரநெற் கடையில் வேலை செய்த நண்பன் அதைக் கொம்பியூட்டரில் தட்டிப் பக்கத்தில் ஏற்றுவான். சாட்டியில் காற்று, கரம்பொன்னில் கலியாணம், படகு ஓடாத நாள். பாரிஸில் இருந்தெல்லாம் வாசித்தார்கள். ஊரிலோ சிரிப்பு.

"தம்பி, உம்மடை பேப்பரிலை மீன் சுத்த ஏலுமோ?"

"ஏலாது அண்ணை. ஆனா நாறாது."

பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் தகப்பன் காலமானார். பாரிஸில் வீடு மாறிய தம்பியின் புதிய தொலைபேசி இலக்கம் அக்காவிடம் இல்லை.

"அவன் உம்மடை பக்கம் பாக்கிறவனாம். நாளைக்குப் பின்னேரம் பிரேதம் எடுக்கிறது. அதுக்கு முன்னம் அவனுக்குத் தெரியவேணும்."

அன்றே பஸ் ஏறினேன். அவர்கள் அப்பு என்று கூப்பிடும் தகப்பனின் படம், மரண அறிவித்தல், கீழே எங்கள் ஊர் தொலைபேசிக் கடையின் இலக்கம். மறுநாள் அந்தக் கடையிலேயே காத்திருந்தேன். வெயில் கண்ணாடியில் மிதந்தது. மத்தியானம் தாண்டித் தொலைபேசி அடித்தது. பாரிஸிலிருந்து அக்காவின் தம்பி.

"அண்ணை, என்ரை புதுக் கொம்பியூட்டரிலை உங்கடை தமிழ் எழுத்து வருதில்லை. எல்லாம் பெட்டி பெட்டியாக் கிடக்கு. அப்புவின்ரை படமும் இந்த இலக்கமும் மட்டும் வடிவாத் தெரியுது. கோயில் பெருநாளிலை அவருக்கு ஏதும் பரிசு குடுத்தவையோ?"

"பொறுங்கோ, அக்காவைக் கூப்பிடுறன்" என்று ஓடினேன்.

அக்கா வந்து ரிசீவரை வாங்கினா. யன்னலுக்கு வெளியே அதை நீட்டிப் பிடித்தா. மாதா கோயிலில் சாவுக்கு அடிக்கும் துக்கமணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஓசை கடலுக்கு மேலால் நடந்து எங்கோ ஓர் அறைக்குள் இறங்குவதுபோல் இருந்தது. பிறகு ரிசீவரைக் காதில் வைத்து, "கேட்டியே?" என்றா. "ஓம்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

அடக்கத்துக்குப் போகும்போது கோயில் வாசலைப் பார்த்தேன். கறுப்பு மையில், கையால் எழுதி ஒட்டிய மரண அறிவித்தல். ஒருவர் கையெழுத்தைப் படமாகப் பிடித்து அனுப்பினால் எந்தக் கொம்பியூட்டர் அதைப் பெட்டியாக்கும்? அப்புவின் முகம் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்ததே.

கறுப்பு மைப் பேனை வாங்கிவிட்டேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிற செய்தி, தட்டாமல் படமாகவே ஏற்ற, முழுவதும் என் கையெழுத்தில்.