செல்வியின் கழுத்தில் விழுந்த என் விரல் நிழல்

செல்வியின் கழுத்தில் இருந்த தடத்தை அழித்தவன் நான்தான். கொன்றவன் அவள் புருஷன். எங்கள் இரண்டு பேருக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நீங்களே சொல்லுங்கள்!

அப்போது கரவனெல்லைக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். எங்கள் றப்பர் தோட்டங்களில் சாவு விழுந்தால், பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுத்த பிறகுதான் தூக்குவார்கள். செல்விக்கும் நான்தான் எடுத்தேன். வலிப்பில் போய்விட்டாள் என்றான் புருஷன், தோட்டத்துக் கங்காணி. நான் பொத்தானை அழுத்தப்போன நேரம், அவள் அம்மா மாரியாயி மகளின் கழுத்தை மூடியிருந்த சேலையைச் சட்டென்று விலக்கினாள்.

"இப்ப எடுங்க தம்பி!"

எடுத்தேன். நாலு விரல் தடம்...

மறுநாள் காலையில் கங்காணி வந்தான்.

"கழுத்துல கறுப்பா விழுந்திருக்கும். இல்லாம ஆக்கிக் குடுங்கண்ணே. ஒங்களால முடியாட்டி சொல்லுங்க, கொழும்புல குடுத்துக்கிறேன்."

முடியாதா? எனக்கா? பயத்துக்காக இல்லை, காசுக்காகவும் இல்லை. வெறும் ரோஷம்! அதற்காகத்தான் செய்தேன்.

இருட்டறையில் என்லார்ஜர் வெளிச்சம் நெகட்டிவ் வழியாகத் தாளில் விழும்போது எந்த இடத்தை மறைக்கிறோமோ அந்த இடம் வெளுக்கும். மற்றவர்கள் கம்பியில் ஒட்டிய அட்டையைப் பிடிப்பார்கள். நான் கையையே பிடிப்பேன், அதில் எனக்கொரு திமிர். கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் தெரிந்துவிடும். அவள் கழுத்தின் மேல் என் நாலு விரல் நிழலும் ஆடின. அவன் விரல் பதிந்த அதே இடத்தில்...

மூன்றாவது தாளில் கழுத்து சுத்தம்.

நான் ஒட்டிக் கொடுத்த கவரைப் பிரிக்காமலே மாரியாயி அந்தப் படத்தோடு பொலிசுக்குப் போனாள். சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனாள்! சிங்களச் சார்ஜன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொகுத் நே அம்மே."

ஒன்றும் இல்லையாம். அவள் என் பக்கம் திரும்பினாள். "இருந்துச்சே தம்பி?"

"கேமரா பொய் சொல்லாதும்மா" என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

ஸ்டூடியோ எப்போதோ மூடியாயிற்று. அந்த நெகட்டிவ் மட்டும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. இன்றைக்கு டவுனில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டரில் தடம் தெரியும். ஏன் கொடுக்கவில்லை? அவன் விரலோடு என் விரலும் தெரிந்துவிடும். வேறென்ன!

போன வாரம் மாரியாயியின் லயத்து வீட்டுக்குப் போனேன். படத்துக்குப் பொட்டு வைத்து விளக்கேற்றியிருந்தாள்.

"என் கண்ணுதான் அன்னிக்கு ஏமாத்திருச்சு தம்பி. மருமகனப் போயி சந்தேகப்பட்டுட்டேன், பாவம். நேத்து அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

நான் தலையாட்டினேன். அவள் கொடுத்த பிளேன்டீயைக் குடித்தேன். வீட்டுக்கு வந்தேன்.

பிஸ்கட் டின் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.