அரக்கு பூசிய கொலுசு

என்னிடம் ஒற்றைக் கொலுசு ஒன்று இருக்கிறது. ஜோடியில்லாத கொலுசை யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். நானும் விற்க நினைத்ததில்லை. பார்க்கும் இடமெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

எட்டாவதோடு பள்ளியை விட்டு, சோறு கிடைத்த இடத்தில் தங்கித் திரிந்தவன் நான். எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறையில் வேலைக்கு நின்றேன். பட்டறைக்காரருக்கு ஒரே பைத்தியம்: வெள்ளி கறுக்கக் கூடாது. மெழுகு, எண்ணெய் என்று எதையெதையோ பூசிப் பார்த்தார். கடைசியில், மரச்சாமான்களுக்குப் பூசும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, வெள்ளியை இளஞ்சூடாக்கி மெல்லத் தடவினார். பூச்சு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மலைமேல் காந்தலூரில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே குடியிருக்கும் பெண்களின் கொலுசு, பூண்டு நெடியில் சீக்கிரம் கறுத்துவிடும். அங்கே போய் அவற்றை வாங்கிப் பூசிக் கொடுத்தோம். அந்த மழைக்காலம் முழுக்க அவை வெளுப்பாகவே இருந்தன. அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தேய்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஆனால் தைப்பொங்கலுக்கு வீட்டு வெள்ளியைத் தேய்க்காமல் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். பூச்சு அங்கங்கே உரிந்தது. உரிந்த இடம் மட்டும் கறுத்தது. எங்கள் வெள்ளியை எடுத்துக்கொண்டு ஈயத்துக்கு முலாம் போட்டுத் தந்துவிட்டான் என்று பேச்சு பரவியது.

கேள்விப்பட்டதும் உலைச் சாமான்களோடு மலையேறினார். கூடவே நானும் போனேன். கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தம் போட்ட பெண்ணிடமிருந்து ஜோடியில் ஒரு கொலுசை வாங்கினார்.

“எம்பேச்ச நம்ப வேண்டாமுங்கம்மா. உருக்கிக் காட்டறேன், பாத்துக்குங்க.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உருக்கும் மூசையில் போட்டு, தீயை ஊதிவிட்டார். நிலவுத் துண்டுபோல வெள்ளி திரண்டது. ஈயம் துளியும் இல்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

“வெள்ளிதான்யா. இப்ப யாரு இல்லன்னா? செத்துப்போன எங்க ஆத்தா கொலுசு எங்க?”

அதே வெள்ளியில் அதே மாதிரி செய்து தருவதாக அவர் கெஞ்சினார். உருக்கிய கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜோடியின் மற்றக் கொலுசை அவர் முன்னால் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்தார்கள். அதன்பிறகு யாரும் அவர் கையில் வெள்ளி கொடுக்கவில்லை. பட்டறையைப் பூட்டிய அன்று அந்தக் கொலுசை என்னிடம் தந்தார். அகளிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு அதுவும் கேள்விப்படவில்லை.

கொலுசின் கொக்கி மடிப்பில், தேய்த்த விரல் நுழையாத இடத்தில், அவருடைய பூச்சு இன்னும் நிற்கிறது. அங்கே மட்டும் வெள்ளி வெளுப்பாக இருக்கிறது. யாரிடம் காட்டுவது?